வெள்ளைத் துணிக்குத் தடை

போன மாதம் ரினோஸா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வுகூடத்தில் என் இடத்துக்கு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவர். கட்டடத்துக்கு வர்ணம் பூசுகிறார்களாம். அலமாரிகளை நகர்த்தி, ஒட்டியிருந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சேர், கண்ணாடிச் சாமான் வைக்கிற அலமாரிக் கதவுல ஒரு கடதாசி இருக்கு. மூணு பாஷையிலயும் எழுதியிருக்கு. வெள்ளைத் துணி உள்ளே கொண்டுவரக் கூடாதுன்னு. யாராச்சும் பகிடிக்கு ஒட்டினதா? கிழிச்சிரவா?"

"கிழிக்காதீங்க. அது மெடத்தோட கையெழுத்து" என்றேன்.

"அப்ப என்ன கதைன்னு சொல்லுங்க சேர். கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே."

போனில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அந்தக் கடதாசியோடு வேறு பலதும் சேர்ந்து வருகிறது. வரட்டும்.

நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு எடுபடப் புள்ளிகள் போதவில்லை. பதுளையில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறையில் உதவியாளனாகச் சேர்ந்து, பதினைந்து வருடம் சோதனைக் குழாய் கழுவினேன், தவளைகளைப் போத்தலில் அடைத்தேன். பிறகு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன். கண்டியில் மூன்று மாதம் பயிற்சி தந்தார்கள். தராசு பார்க்க, கண்ணாடிக் குழாய் வளைக்க, வாயுச் சிலிண்டரைப் பயமில்லாமல் திறக்கக் கற்றுக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுகூடத்தில் செய்தது கரி வேலை. வேடிக்கையாகச் சொல்லவில்லை. பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்டை ஏடு ஏடாக உரிப்பது, தேயிலைக் கழிவையும் தேங்காய்ச் சிரட்டையையும் கரியாக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னத் துணுக்குகளாகப் பிரிப்பது, இவைதான் வேலை. நனோ என்பார்கள். ஒரு தலைமயிரின் பருமனுக்குள் அப்படி ஆயிரக்கணக்கான துணுக்குகளை வரிசையாக அடுக்கலாம் என்று மெடம் மாணவர்களுக்குச் சொல்வார். என் அம்மாவிடம் இதை விளக்கப் பார்த்தேன். "அப்பனும் கரி, மகனும் கரியா" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

மெடம் என்று நான் சொல்வது பேராசிரியர் கமலாம்பிகையை. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வேலைக்கு வந்து, இங்கேயே இருந்துவிட்டார். காலை எட்டு மணி ஆவதற்குள் உள்ளே வருவார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அதை வைத்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். கோபம் வந்தால் இன்னும் தணியும். ஏதாவது பிழைத்துப்போனால் ஏன் என்று கேட்கமாட்டார். "செய்து காட்டுங்கோ" என்பார். நாம் செய்ததை அவர் முன்னால் முதலிலிருந்து அப்படியே திரும்பச் செய்ய வேண்டும். பாதி வழியில் நமக்கே எங்கே பிழைத்தோம் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

அவரோடு முதன்முதலாகக் கிராபைட்டை உரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வேலை இதுதான். கிராபைட் தூளைக் கடும் கந்தக அமிலத்தில் போட்டு, குடுவையை ஐஸுக்குள் வைக்க வேண்டும். பிறகு, காயம் கழுவ ஊரில் கொண்டிஸ் என்று வாங்கும் ஊதாத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறும். அளவுக்கு மேல் சூடேறினால் குடுவை வெடிக்கும். அன்றைக்கு எங்கள் ஐஸ் இயந்திரம் பழுது. நான் ஓட்டோவில் பதுளைச் சந்தைக்குப் போய் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்தேன்.

மெடம் மூக்கைச் சுருக்கினார். "என்ன ராமையா, ஐஸ் மணக்குது."

"மீன் கடை ஐஸ் மெடம். வேற எங்கயும் கெடைக்கல."

"பரவாயில்லை. குடுவைக்கு வெளியிலதானே நிக்கப்போகுது. உள்ளுக்க ஒரு துண்டு விழுந்தால் நானும் நிக்கமாட்டன், நீங்களும் நிக்கமாட்டியள்."

இரண்டு மணி நேரம் ஒரு தேக்கரண்டியின் நுனியால் அந்த ஊதாத் தூளைச் சேர்த்தோம். ஒரு நுனி போட்டு, வெப்பமானியைப் பார்த்து, அது இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த நுனி. மெடம் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. சாந்து போலக் கறுத்து இறுகியது. தண்ணீர் விட்டபோது மண்ணிறமானது. கடைசியில் ஹைட்ரஜன் பெரொக்சைட்டை ஊற்றினார். அந்தக் கறுத்த குழம்பு என் கண் முன்னாலேயே பொன் மஞ்சளாக மாறியது. நான் என்னை அறியாமல் கையைத் தட்டிவிட்டேன். மெடம் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். அன்று மாலை வரை ஆய்வுகூடம் முழுக்க மீன் நாற்றம்.

அப்படிப் பல வருடங்கள் போயின. மாணவர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், போனார்கள். ரினோஸா கேட்ட கடதாசி தர்ஷினியின் காலத்தில் ஒட்டப்பட்டது.

தர்ஷினி பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா பார்வதி கொழுந்து பறிப்பவர். அப்பா இல்லை. அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். மெலிந்த உடம்பு, வேகமான நடை. என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் முதலில் என் பக்கம் நீட்டுவாள்.

அவளுடைய ஆராய்ச்சியும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். தொழிற்சாலையில் தேயிலை அரித்த பிறகு ஒதுக்கும் கழிவுத்தூளைத் தண்ணீரில் கலந்து, இரும்புக் கூட்டுக்குள் இறுக்கி மூடி, சூளையில் எட்டு மணி நேரம் வைப்பாள். வெளியே எடுத்தால் கறுத்த தேத்தண்ணி போல இருக்கும். அதற்குள் கரித் துணுக்குகள் இருக்கும். புற ஊதாக்கதிர் விளக்கின் கீழ் பிடித்தால் அவை ஒளிரும். அந்த நீரில் இரும்பு கலந்த தண்ணீரைச் சேர்த்தால் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, குடிதண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று சொல்லலாம்.

"எங்க பீலித் தண்ணி துணியெல்லாம் செவப்பாக்கிரும் அங்கிள்" என்பாள். மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கும் ஊற்றைத்தான் எங்கள் பக்கம் பீலி என்போம். "குடிக்கலாமா கூடாதான்னு கேட்டா யாருமே பதில் சொல்றதில்ல. தோட்டத்திலேயே ஒருத்தர் ஒரு சின்ன விளக்க வச்சிப் பாத்துச் சொல்ற மாதிரி செய்யணும்."

அவள் இரண்டாம் வருடத்தில் இருந்தபோதுதான் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மின்வெட்டு. எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வடிதாள் நின்றுபோனது. சூளையிலிருந்து எடுத்த கறுத்த நீரில் கசடு இருக்கும். அதை வடிதாளில் வடித்தால்தான் அடுத்த வேலை. தர்ஷினி இருந்த கடைசித் தாளை நாலாக வெட்டி வைத்துப் பாவித்தாள். பிறகு அதுவும் முடிந்தது.

நான் யோசித்தேன். தாள் இல்லாவிட்டால் துணி. பதுளை பசாரில் ஒரு புடைவைக் கடைக்குப் போய் நெருக்கமாக நெய்த வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு மீற்றர் வாங்கினேன். வீட்டில் என் மனைவி சரோஜாவிடம் கொடுத்து, ஆராய்ச்சிக்குப் போகிற துணி, நன்றாகத் துவை என்று சொன்னேன். அவள் அதைச் சலவைத்தூளில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரியும் போட்டுத் தந்தாள். கண் கூசுகிற வெள்ளை. நான் அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், வட்ட வட்டமாக வெட்டி, டப்பாவில் அடுக்கினேன். தர்ஷினி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க இல்லாட்டி நான் வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள். அன்று முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதமே அவளுடைய வேலை பிரமாதமாக வந்தது. விளக்கின் கீழ் பிடித்தால் பளிச்சென்று நீலம். மற்ற நாடுகளில் செய்து எழுதியிருந்ததைவிட எங்கள் ஒளி கூடுதல். இரும்பு சேர்த்தால் அழகாக மங்கியது. மெடமே இரண்டு தடவை விளக்கை அணைத்து அணைத்துப் பார்த்தார். கட்டுரை எழுதி ஒரு பெரிய சஞ்சிகைக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கொண்டார்கள். அதைப் பார்த்து, கொரியாவில் ஓர் ஆய்வுகூடம் தர்ஷினிக்குக் கலாநிதிப் படிப்புக்கு இடம் தருவதாக எழுதியது. பூனாகலையில் அவள் அம்மா லயம் முழுக்கச் சொல்லி, கோயிலில் பொங்கலும் வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பசறைப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஆய்வுகூடம் பார்க்க வந்தார்கள். பெண் பிள்ளைகள், இருபது பேர் இருக்கும், எல்லோரும் வெள்ளைச் சீருடையில். பிள்ளைகள் வந்தால் இருட்டறையில் விளக்கைப் போட்டுக் காட்டுவது என் வேலை. நான் தர்ஷினியின் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தை அணைத்து, ஊதாக்கதிரைப் போட்டேன்.

பிள்ளைகளின் சட்டைகள் எல்லாம் நீலமாக ஒளிர்ந்தன. ஒருவரையொருவர் காட்டிச் சிரித்தார்கள். இது எப்போதும் நடப்பதுதான். சலவைத்தூளில் துணி வெள்ளையாகத் தெரிவதற்கென்று ஒரு சரக்கைச் சேர்ப்பார்கள். அந்தச் சரக்குத்தான் இந்தக் கதிரில் ஒளிரும். பாடசாலைக் காலத்திலிருந்தே எனக்கு இது தெரியும். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அன்றும் சொல்லத் தொடங்கினேன்.

"உங்க சட்டை ஏன் இப்படித் தெரியுதுன்னா, சோப்புத்தூள்ல..."

என் கையில் இருந்த போத்தலும் முன்னால் நின்ற பிள்ளையின் சட்டைக் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே நீலம்.

பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிப் போன பிறகு நான் இருட்டறைக்குத் திரும்பி வந்தேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். தர்ஷினி நூலகத்தில். டப்பாவிலிருந்து புதிதாக ஒரு துணி வட்டத்தை எடுத்தேன். காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் போட்டு, மெல்லச் சூடாக்கி, துணியை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை மட்டும் விளக்கின் கீழ் பிடித்தேன். நீலமாக ஒளிர்ந்தது. தேயிலையும் இல்லை, கரியும் இல்லை. வெறும் தண்ணீர்.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் பிடிப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மாதிரிக்குப் பதிலாக வெறும் தண்ணீரை வைத்து எல்லாப் படிகளையும் செய்து பார்ப்பது. தர்ஷினி அதைச் செய்திருந்தாள். ஆனால் வெறும் தண்ணீரில் கசடு இல்லையே. வடிக்கத் தேவையில்லை என்று அதை மட்டும் துணியில் வடிக்காமல் விட்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அன்றைக்குப் பசறை பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு யோசனை வந்தது. நாளைக்கே துணியை எறிந்துவிட்டு, இனி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கட்டுரை ஏற்றாகிவிட்டது. பிள்ளை கொரியாவுக்குப் போய்விடும். எனக்கும் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நல்லா வெளுத்துத் தந்தேன், அது குத்தமாப் போச்சா" என்றாள். கறியையும் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளகிட்ட சொல்லிருங்க. மெடத்துக்கிட்டப் போக முந்தி அதுகிட்ட சொல்லுங்க" என்றாள்.

சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் தர்ஷினி சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள். பசியில்லை என்றேன். மூன்றாம் நாள் காலையில் சிற்றுண்டிச்சாலையில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். துணி, சலவைத்தூள், வெறும் தண்ணீர் ஒளிர்ந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெடத்துக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. உங்கிட்டதான் மொதல்ல."

"நீங்க பேசாம துணிய மாத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே அங்கிள். ஏன் சொன்னீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இத வச்சி மொதல்ல பூனாகலைப் பீலியத்தானே பாக்கப்போற" என்றேன். "நல்ல தண்ணின்னு நீ சொன்னா ஒங்கம்மா குடிப்பாங்க. லயத்துல அத்தன பேரும் குடிப்பாங்க. இது தேயிலைய வச்சிச் சொல்லல தர்ஷினி. சோப்ப வச்சிச் சொல்லுது."

அவள் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வாங்க, மெடத்துக்கிட்டப் போவோம்" என்றாள். நான் எழுந்திருக்கும்வரை நின்றாள். பக்கத்தில் நடந்தாள்.

மெடம் முழுவதையும் கேட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"செய்து காட்டுங்கோ."

நாலு முகவை எடுத்தேன். முதலாவதில் சுத்தமான தண்ணீர் மட்டும். இரண்டாவதில் முந்தின நாள் அதே புடைவைக் கடையில் வாங்கி, துவைக்காமல் வைத்திருந்த துணித்துண்டை ஊறவைத்த தண்ணீர். மூன்றாவதில் சரோஜா துவைத்த துணியை ஊறவைத்த தண்ணீர். நாலாவது தர்ஷினியின் பொறுப்பு. புதிதாகச் சூளையிலிருந்து எடுத்த தேயிலை நீரைத் துணியே படாமல், சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றி, கசடை அடியில் தங்கவிட்டு, மேல் நீரை மட்டும் எடுத்தாள். இடையில் மின்வெட்டு வந்தது. ஒரு மணி நேரம் மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் வெளியே போகவில்லை. மின்சாரம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றினோம்.

திரையை இழுத்து மூடி விளக்கைப் போட்டேன். முதலாவது இருட்டு. இரண்டாவது கொஞ்சம் நீலம், துணி ஆலையிலும் அந்தச் சரக்கைச் சேர்ப்பார்கள். மூன்றாவது பளிச்சென்று நீலம். நாலாவது இருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். கண் பழகிய பிறகு தெரிந்தது. பச்சையாக, மெல்லியதாக, புகை போல ஏதோ ஒன்று.

மெடம் குனிந்து நாலையும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"மூண்டாவதுதான் எங்கட கட்டுரை" என்றார்.

இரும்பு சேர்த்தால் மங்கியதே, அது எப்படி என்று தர்ஷினி கேட்டாள். இரும்பு கலந்த நீர் விளக்கின் கதிரையே குடித்துவிடும், அதனால் உள்ளே எந்த ஒளி இருந்தாலும் மங்கத்தான் செய்யும் என்று மெடம் விளக்கினார். விளக்கிவிட்டு, "இதை நான் முதலே யோசிச்சிருக்க வேணும்" என்றும் சொன்னார்.

அதே மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினார். சஞ்சிகைக்கு ஒன்று, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. கொரியாவுக்கு ஒன்று. எழுதியதை எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார். வடித்த துணியால் வந்த தவறு, அதைக் கவனிக்கத் தவறியது என் பொறுப்பு என்று அவர் தன் பெயரைத்தான் எழுதியிருந்தார். தர்ஷினியைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி. இந்தப் பிழையைச் சோதித்து உறுதி செய்தவர் அவரே என்று.

"மெடம், துணியக் கொண்டாந்தது நான். எம் பேர எழுதணும்" என்றேன்.

"துணி என்ன, தானா நடந்தே வந்தது? நீங்கள் வெட்டேக்க நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். நல்ல யோசனை எண்டும் சொன்னனான்." பேனையை மூடினார். "என்ர ஆய்வுகூடத்துக்குள்ள என்ன வருது எண்டு எனக்குத் தெரியாட்டி, அது உங்கட பிழை இல்லை ராமையா."

பிறகு ஒரு வெள்ளைக் கடதாசி எடுத்து, மூன்று மொழியிலும் எழுதி, தானே போய் அலமாரிக் கதவில் ஒட்டினார். ரினோஸா கேட்ட கடதாசி அதுதான்.

கொரியாவிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. நேர்மையை மதிக்கிறோம், ஆனால் இந்த வருடத்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று. தர்ஷினி அதை வாசித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். இரண்டு கிழமை, பதினாலு நாள், வரவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அந்த இரண்டு கிழமையும் நான் ஆய்வுகூடத்தில் இருந்த ஒவ்வொரு பொருளையும் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். தூரிகை, தக்கை, கையுறை, பஞ்சு, போத்தலில் ஒட்டும் தாள், என் சட்டை. ஒளிர்ந்ததையெல்லாம் ஒரு மேசையில் தனியாக எடுத்து வைத்தேன். எவ்வளவு இருந்தது என்று பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை வந்து கதவைத் திறக்கிறேன், தர்ஷினி படியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உரப்பை நிறையக் கழிவுத்தூள். பூனாகலையிலிருந்து இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒருபக்கம் பிடிங்க அங்கிள்" என்றாள். "கை விட்டுப்போச்சி."

நான் ஒருபக்கம் பிடித்தேன். மேசையில் பிரித்து வைத்த சாமான்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு, "பஞ்சு கூடவா" என்றாள். அவ்வளவுதான் அந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் பேசியது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினாள்.

மேலும் ஒன்றரை வருடம் ஆனது. அந்த மெல்லிய பச்சையை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். சூளையின் சூட்டை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள், தூளை அரித்துச் சலித்தாள். நீலம் போலப் பளிச்சென்று அது ஒருநாளும் வரவில்லை. ஆனால் இரும்பு கூடுதலாக உள்ள தண்ணீரைத் தவறாமல் காட்டியது. குறைவாக இருந்தால் அதனால் சொல்ல முடியாது. அதையும் அவள் அப்படியே எழுதினாள். சிறிய சஞ்சிகை ஒன்று அதை வெளியிட்டது. பூனாகலையில் மூன்று பீலிகளைச் சோதித்து, அதில் ஒன்றைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னாள். தோட்டத்தில் அதன் குழாயை வேறு ஊற்றுக்கு மாற்றிவிட்டார்கள். கொரியா திரும்ப வரவில்லை. அவள் இப்போது இதே பீடத்தில் தற்காலிக விரிவுரையாளர். வேறு நாடுகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் பட்டம் உறுதியான அன்று அவள் அம்மா பதுளைக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை அது. நல்ல பச்சைச் சேலை, கையில் ஒரு பை. தர்ஷினி மெடத்தின் அறையில் கையொப்பங்கள் வாங்கிக்கொண்டிருந்தாள். அதுவரை அம்மாவை நான் ஆய்வுகூடத்தில் உட்காரவைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"நான்தாங்க ராமையா. அந்தத் துணியக் கொண்டாந்தது நான்தான்" என்றேன்.

"தெரியுங்க" என்றார். "புள்ள சொல்லிச்சி." தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை மேசையில் வைத்தார். "அந்தத் தூள்ல என்னமோ வெளிச்சம் வருதாமே. அத நான் பாக்கலாங்களா?"

இருட்டறைக்குக் கூட்டிப்போனேன். போத்தலை அவர் கையிலேயே கொடுத்தேன். வெளிச்சத்தை அணைத்து விளக்கைப் போட்டேன். அவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்க, கண் பழகணும் என்றேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு போத்தலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பச்சையா என்னமோ தெரியுது" என்றார். "இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதாங்க" என்றேன். "ஆனா இதுல வேற ஒண்ணும் கலக்கல. முழுக்க ஒங்க தேயிலைதான்."

அவர் போத்தலை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரமாகிறதே என்று நான் வெளிச்சத்தைப் போடச் சுவரில் இருந்த ஆளியில் கை வைத்தேன்.

"இருங்க" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."